நின்ஃபாவின் முழங்கால்

தெருவில் வெடி வெடிக்கத் தொடங்கியபோது நின்ஃபா போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள். பராகுவே மகளிர் கால்பந்து அணிக்குத் தேர்வானவர்களின் பெயர்களைக் காலையில் வானொலியில் வாசித்திருந்தார்கள். அவள் பெயர் இல்லை. தேர்வு முகாமிலிருந்து திரும்பிய நாள் முதல், "எனக்கு இடம் உறுதி" என்று கபியாத்தா ஊர் முழுக்கப் பீற்றியிருந்தாள். இனி எந்த முகத்தோடு வெளியே போவது? யாரும் துக்கம் விசாரிக்கக் கூடாதென்று கைபேசியையும் அணைத்து அலமாரிக்குள் போட்டுவிட்டாள்.

"தேர்வாயிட்டடி! வெளிய வாடி!" என்று ஜன்னலைத் தட்டினாள் எதிர்க்கடை பிரிஹிதாக்கா. அவளுக்குப் பின்னால் தெருவே நின்றது. மாட்டு விலாவைச் சுட அடுப்புக்கூட மூட்டிவிட்டார்கள்.

அம்மா எர்மெலிந்தா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "பந்து உதைக்கிற பொண்ண எவன் கட்டுவான்னு கேட்டாளுங்களே, இப்பக் கேக்கச் சொல்லு!"

தன் வாய்ச்சவடாலை நம்பி இத்தனை பேரும் ஏமாந்து நிற்கிறார்களே என்று நின்ஃபாவுக்கு உடம்பு கூசியது. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தாள். யாரோ அதில் ஒரு துண்டு இறைச்சியைத் திணித்தார்கள். மெல்லும் நேரத்தில் தைரியம் போய்விட்டது.

"அணியோட சேர எப்படிப் போகப் போற?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"நாங்க வண்டி வச்சுக் கூட்டிட்டுப் போறோம்!"

நின்ஃபா யோசித்தாள். வாசற்படியில் கால் இடறியதுபோல் விழுந்தாள். "ஐயோ, முழங்கால்!"

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் எலும்பு வைத்தியர் கிரிசாந்தோவை உடனே தூக்கிவந்தார்கள். அவர் கண்ணை மூடி முழங்காலைத் தடவினார். "ஜவ்வு கிழிஞ்சிருக்கு."

"அப்படியா?" என்றாள் நின்ஃபா, உண்மையிலேயே ஆச்சரியத்தோடு.

அவர் ஒரு திருகு திருகினார். அதுவரை வலிக்காத கால் அப்போதுதான் வலித்தது. பக்கத்து வீட்டார் எலும்புக்கான மூலிகையை இடித்துக் தெரெரே என்ற குளிர்ந்த இலைச்சாற்றில் கலந்து குடிக்கச் சொன்னார்கள். அவள் மறுநாளும் கழிப்பறையில்தான் இருந்தாள்.

கிரிசாந்தோ மறுபடி வருகிறார் என்றதும் நின்ஃபா பதறினாள். "வைத்தியமெல்லாம் வேணாம்மா. இனி காகுபே மாதாதான் காப்பாத்தணும்."

சொன்னது தப்பாகப் போயிற்று. எர்மெலிந்தா செருப்பைக் கழற்றினாள்.

"மாதாவுக்கு வேண்டிக்கிட்டேன். காகுபே கோயிலுக்கு வெறுங்காலோட நடந்தே வரேன்னு."

"அம்மா, உனக்குக் காலே வீங்கியிருக்கு!"

"என் கால் போனாப் போகுது. நாட்டுக்கு உன் காலுதான் வேணும்."

போய்விட்டாள். துணைக்குப் பிரிஹிதாக்கா தண்ணீர்க் குப்பியோடு போனாள். கொதிக்கிற தார்ச் சாலையில் அம்மா நடப்பதை நினைத்தபடி நின்ஃபா சிறிது நேரம் உட்கார்ந்திருந்தாள். தன் மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது. கிரிசாந்தோ கொடுத்திருந்த ஊன்றுகோலை எறிந்துவிட்டு ஓடினாள்.

நெடுஞ்சாலையில் அவள் பாய்ந்து வருவதைப் பார்த்து பிரிஹிதாக்கா சிலுவை போட்டுக்கொண்டாள். "அற்புதம்!"

"அற்புதமும் இல்ல, ஒண்ணும் இல்ல!" நின்ஃபா அம்மாவின் காலடியில் விழுந்தாள். குதிகால் கொப்பளித்திருந்தது. "காலுக்கு எதுவுமே ஆகலம்மா. நான் தேர்வாகவே இல்ல. வானொலில என் பேரே வரல. சொல்ல வெக்கமா இருந்துச்சு, அதான் பொய்க்கு மேல பொய் சொல்லிட்டேன். என்னை அடி."

எர்மெலிந்தா அடிக்கவில்லை. அப்படியே சாலையோரம் உட்கார்ந்துவிட்டாள்.

பிரிஹிதாக்காவின் கையிலிருந்த தண்ணீர்க் குப்பி நழுவிக் கீழே விழுந்தது.

"அடிப்பாவி! அணியில ஒரு பொண்ணுக்குக் கை ஒடிஞ்சு, அவ இடத்துக்கு நீன்னு, உன் போன் கிடைக்காம என் கடைக்குத்தானே கூப்பிட்டுச் சொன்னாங்க... நேத்து மறுபடி கூப்பிட்டப்ப, உனக்கு முழங்காலே போச்சுன்னு நான்தான் அழுதுகிட்டே சொல்லித் தொலைச்சேன்!"