றம்லாவின் இடது கன்னம்

மாத்தளை,
6.2.1967

அன்புள்ள மச்சான் நுஹ்மான் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம், உங்கள் தங்கை றம்லாவின் இடது கன்னம் நீங்கலாக.

பல் சீழ்பிடித்து வெட்டியதிலிருந்து அந்தக் கன்னம் குழி விழுந்து கிடப்பதும், இரண்டு வருடமாக அவள் முக்காட்டை இழுத்துக்கொண்டு அடுப்படியை விட்டு வராததும் உங்களுக்குத் தெரியும். மகள் ஹமீமாவின் கலியாணத்திலாவது பெற்ற தாய் சபையில் நிற்கவேண்டாமா என்று கொழும்புக்குக் கூட்டிப்போனேன். அவள் உடம்புக் கொழுப்பையே எடுத்துக் கன்னத்தில் வைத்துத் தைக்கலாமாம். ஆனால் டாக்டர் வயிற்றைக் கிள்ளினார், இடுப்பைக் கிள்ளினார், "எடுக்க ஒண்ணுமில்லையே" என்றார். நான் சட்டையைத் தூக்கி, "டாக்டர், இங்க இருக்குது, வேண்டிய மட்டும் எடுங்க" என்றேன். அடுத்தவர் கொழுப்பு அங்கே நிற்காதாம். இருபத்திரண்டு வருடமாக மீன் துண்டெல்லாம் என் சோற்றுக் கோப்பையில்தான் விழுந்தது. நீ சாப்பிட்டாயா என்று ஒருநாளும் கேட்டதில்லை. வெட்கமாயிருக்கிறது மச்சான்.

அன்றிலிருந்து நெய்ச்சோறு, ஆட்டுக்கால் சூப், நீங்கள் அனுப்பிய எருமைத் தயிர். நான் முகத்தைத் திருப்பினால் போதும், "எனக்குப் பசிக்கல்ல, நீங்க தின்னுங்க" என்று பாதியை என் பக்கம் தள்ளிவிடுவாள். ஒரு மாதத்தில் என் பெல்ட்டில் ஓட்டை தீர்ந்துபோனது. பிறகு கடையைப் பூட்டிவிட்டு, பொலிஸ்காரன் மாதிரி எதிரிலேயே குந்தினேன். பலன் கிடைத்தது! இரண்டு வாரமாக வளையல் ஏறவில்லை, செருப்புக்குள் கால் போகவில்லை. காலையில் பார்த்தால் முகம் பூரித்திருக்கிறது. வெட்டாமலே குழி பாதி நிரம்பிவிட்டது. நேற்று கண்ணாடியை எடுத்துப் பார்த்தாள் மச்சான், அதுவும் தானாகவே. வியாழக்கிழமை டாக்டரிடம் போகிறோம். இன்னும் இரண்டு போத்தல் நெய் உடனே அனுப்புங்கள்.

மச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஸலாம். உங்கள் எருமைகளுக்கும் துஆச் செய்கிறோம்.

இப்படிக்கு,
ஸக்கரியா

பி.கு: தபாலில் போட மறந்து, கடிதம் என் சட்டைப் பையிலேயே கொழும்புக்கு வந்துவிட்டது. இன்று வியாழன். டாக்டர் அவள் காலை விரலால் அமுக்கினார். குழி அப்படியே நின்றது. அது கொழுப்பில்லையாம், நீராம். கிட்னி இரண்டும் பழுதாம். ஆஸ்பத்திரி வாட்டில் நிறுத்திவிட்டார்கள். உப்பில்லாத கஞ்சி கொடுத்தார்கள்; அதிலும் பாதியை என் பக்கம் தள்ளினாள். நெய் வேண்டாம் மச்சான். நீங்கள் வாருங்கள்.