அளவுக் கோப்பையைக் காணோம்

அன்புள்ள ஃபுசாயே அக்காவுக்கு,

செண்டாய் நகரிலிருந்து உன் தம்பி கனாமே வணக்கத்துடன் எழுதுவது. இங்கே மழை விட்டுவிட்டது. வெயில் இன்னும் வரவில்லை. உன் முதுகுவலி குறைந்திருக்கும், அத்தான் வழக்கம்போல வரப்பில் நின்று தவளைகளைத் திட்டிக்கொண்டிருப்பார் என நம்புகிறேன்.

நீ அனுப்பிய முப்பது கிலோ அரிசி வந்தது. உன் பழைய ரைஸ் குக்கரும் வந்தது. அதன் அளவுக் கோப்பை மட்டும் வரவில்லை. நாய்க்குத் தீனி அள்ள வைத்துக்கொண்டாய் போலிருக்கிறது. நாய் நலமாக இருக்கட்டும்.

நான் நலமாக இல்லை.

ஞாயிறு மதியம் சினாட்சுவின் அப்பா இவாபுச்சி சார் சாப்பிட வந்தார். நாற்பது வருடம் அரிசிக் கடை வைத்திருந்தவர். எங்கள் கல்யாணத்துக்குச் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சினாட்சு முதல் நாளே எச்சரித்தாள்: "அப்பா வாயைத் திறந்து எதுவும் சொல்ல மாட்டார். பிடிச்சா ரெண்டாவது கிண்ணம் சோறு கேப்பார். இல்லேன்னா, நல்லா இருந்துச்சுன்னு சொல்லிட்டு எந்திரிச்சிடுவார். அவ்வளவுதான்."

காலையிலேயே ஆரம்பித்தேன். வீட்டிலிருந்த கோப்பையால் மூன்று அளவு அரிசி, குக்கரில் மூன்றாம் கோடு வரை தண்ணீர். சோறு கூழாங்கல். சினாட்சுவுக்குப் போன் செய்தேன். "அட மண்டு, அது மாவு அளக்குற கோப்பை, இருநூறு மில்லி! அரிசிக் கோப்பை நூத்தியெண்பதுதான். பேசாம எடை போடு, மூணுக்கு நானூத்தைம்பது கிராம்." எடை போடத் தராசு ஏது? அதே கோப்பையில் நானூற்றைம்பது மில்லி அளந்து போட்டேன், கிராமும் மில்லியும் ஒன்று என்பது தண்ணீருக்கு மட்டும்தான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை, அரிசி குறைந்து தண்ணீர் மிஞ்சி கஞ்சியாகிவிட்டது, மணி பதினொன்றரை, வேறு வழியில்லாமல் குளியலறை எடை மெஷினில் கிண்ணம் நிறைய அரிசியோடு ஏறினேன், அறுபத்திரண்டு, கிண்ணத்தை வைச்சுட்டு ஏறினேன், அதே அறுபத்திரண்டு, அப்ப என் கையில இருந்தது காத்தா என்னன்னு நிக்கிறப்ப வாசல் மணி அடிச்சது.

கதவைப் பூட்டியிருக்கவில்லை. இவாபுச்சி சார் உள்ளே வந்து என்னைப் பார்த்தார். கிண்ணத்தைப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார்.

"தம்பி, எடை பாக்குறது உங்களையா, அரிசியையா?"

பின்னால் சினாட்சு முகத்தை மூடிக்கொண்டாள்.

அவர் பையிலிருந்து கண்ணாடிக் கோப்பையில் அடைத்த சாக்கே மது இரண்டு எடுத்து வைத்தார். லேபிளைப் பார்த்தேன். நூற்றெண்பது மில்லி! அக்கா, எனக்குக் குடிப் பழக்கம் இல்லை என்பது உனக்குத் தெரியும். ஒரே மூச்சில் குடித்தேன். "தம்பி, மெதுவா!" என்றார் அவர். கோப்பையைக் கழுவித் துடைத்து, விளிம்பு வரை நிரப்பி, விரலால் தட்டையாக வழித்து, மூன்று கோப்பை அரிசி, பழையபடி மூன்றாம் கோடு வரை தண்ணீர். அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பிட உட்கார்ந்தோம். என் சோற்றை நான் தொடவில்லை. அவர் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மென்றார். வெகு நேரம் மென்றார். பிறகு காலிக் கிண்ணத்தை நீட்டினார்.

"மாப்பிள்ளை, இன்னொண்ணு."

அளவு சரியாக இருந்தால் எல்லாம் சரியாக இருக்கும், அக்கா. அந்தக் கண்ணாடிக் கோப்பையை ஆயுளுக்கும் வைத்துக்கொள்வேன். நீ குக்கரின் அளவுக் கோப்பையை மட்டும் அனுப்பிவிடு. வயலில் தொப்பி போட்டுக்கொள். அத்தானுக்கு என் வணக்கம். நாயின் மேல் எனக்குக் கோபம் இல்லை.

அன்புடன்,
கனாமே

பின்குறிப்பு: கோப்பையை அனுப்ப வேண்டாம். இன்று மூட்டைக்குள் கை விட்டபோது அரிசிக்குள் புதைந்து கிடந்தது. நாயிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். சும்மா ஒப்பிட்டுப் பார்க்கலாமென்று கண்ணாடிக் கோப்பையில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி இதில் கவிழ்த்தேன். வழிந்தது. சாக்கேதான் நூற்றெண்பது, விளிம்பு வரை நிரப்பினால் இருநூறு பிடிக்கிறது. ஆக, அன்று அவர் சாப்பிட்டதும் காலையில் நான் ஆக்கிய அதே கூழாங்கல்தான். சினாட்சுவைக் கேட்டேன். "ஆமா. ராத்திரி பூரா தாடை வலிக்குதுன்னார்" என்றாள்.

அப்படியும் இன்னொன்று கேட்டிருக்கிறார், அக்கா.