ஐயையோ சார் பிடித்த உடும்பு

புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் இருந்த பயத்தில் பாதி எங்கள் ஐயையோ சாரிடம்தான் குடியிருந்தது. மணி அடித்தாலும் ஐயையோ, அடிக்காவிட்டாலும் ஐயையோ. சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் பள்ளிக்கூடத்தில் யாருக்கும் தெரியாது.

ஆறு வருஷமாகத் தற்காலிக வாத்தியார். இன்ஸ்பெக்டர் பாடத்தைப் பார்த்து நல்லவிதமாக எழுதினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். மனிதர் பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. எடுத்துக்கொண்ட பாடம் ஊர்வனவும் பறவையும். பறவைக்குப் பஞ்சமில்லை. வகுப்பு ஜன்னலுக்கு வெளியே கொய்யா மரத்தில் தையல்சிட்டு இலையைத் தைத்துக் கூடு கட்டி மூன்று குஞ்சு பொரித்திருந்தது. பக்கத்து வகுப்பு வாத்தியாரான நான், ஊர்வனவற்றுக்குப் பல்லி போதுமே என்றேன்.

"ஐயையோ, பல்லி கடைசி பெஞ்சுக்குத் தெரியாதுங்க!"

பொன்னமராவதிப் பக்கத்திலிருந்து இரண்டு முழ நீள உடும்பை வரவழைத்துவிட்டார். கொண்டுவந்தவர், "இடுப்புல கட்டுங்க சார்" என்று படித்துப் படித்துச் சொன்னார். இவரோ ஆட்டைக் கட்டுகிற பழக்கத்தில் கழுத்தில் கட்டினார். உடும்புக்குத் தலையும் கழுத்தும் ஏறக்குறைய ஒரே பருமன் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது.

இன்ஸ்பெக்டர் வந்து உட்கார்ந்தார். நான் துணைக்குப் பின்னால் நின்றேன்.

"இதுக்குச் செதில், அதுக்கு இறகு. ரெண்டும் முட்டையிடும். சிட்டு புழு தின்னும். உடும்பு, முட்டையும் குஞ்சும்..." சார் பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினால் மேஜைக்காலில் கயிறு மட்டும் கிடந்தது. உடும்பு ஜன்னல் தாண்டிக் கொய்யா மரத்தில் ஏறிக்கொண்டிருந்தது.

"ஐயையோ!" வேட்டியோடு ஜன்னல் வழியே குதித்து ஓடி, அதன் வாலை இரண்டு கையாலும் பிடித்தார். அது மரத்தைப் பிடித்துக்கொண்டது. கூடு ஒரு முழம் மேலே. தாய்ச்சிட்டு, உடும்பை விட்டுவிட்டு, இவர் குடுமியைக் கொத்தியது!

இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்தார். "வாத்தியாரே, என்ன கூத்து இது? உள்ளே வந்து பாடத்தை முடிங்க."

"விட்டேன்னா குஞ்சு போயிருங்க!"

"விடலேன்னா வேலை போயிரும்."

சார் முகம் வெளுத்துப்போயிற்று. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிடியை மட்டும் விடவில்லை.

"எழுதிக்கிருங்க ஐயா" என்றார்.

நான் சாக்கைப் போட்டு, உடும்பை நகம் நகமாக மரத்திலிருந்து பிரித்தெடுப்பதற்குள் இன்ஸ்பெக்டரின் வண்டி போய்விட்டது.

மாதக் கடைசியில் வேலை போயிற்று. கட்டுமாவடியில் மாமனார் கடைக்குப் புறப்பட்டார். பஸ் ஏறும்போது கேட்டார்: "அந்தக் குஞ்சுக?"

"மூணும் பறந்துருச்சு சார்" என்றேன். நான் போய்ப் பார்க்கவே இல்லை.

பஸ் நகர்ந்ததும் கொய்யா மரத்தடிக்கு ஓடினேன். கூடு காலி. அண்ணாந்து தேடினேன். அடுத்த கிளையில் மூன்றும் வரிசையாக உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தன. அவரிடம் நான் சொன்னது பொய்யில்லை என்று தெரிந்ததும், அங்கேயே நின்று அழுதுவிட்டேன்.