கடைசி வரியை யாரும் படித்ததில்லை

"ரகசிய எண்ணை யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்லீங்க."

"எங்கயாவது எழுதி வெச்சிருக்கீங்களா?"

கண்ணாடிக்கடைக்காரர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மூன்றாம் முறையாகத் துடைத்தார். அது ஏற்கெனவே பளிச்சென்றுதான் இருந்தது. ஆனால் பொய் சொல்ல வேண்டிய நேரம் வந்தால் அவருக்குக் கண்ணாடி அழுக்காகத் தெரியும்.

"இல்லீங்க," என்றார். "ரொம்ப நன்றிங்க."

எதற்கு நன்றி என்று வங்கிக் குமாஸ்தாவுக்குப் புரியவில்லை. கண்ணாடிக்கடைக்காரரின் சுபாவமே அப்படி. பஸ்ஸில் காலை மிதித்தவருக்கும் நன்றி சொல்வார். ஏடிஎம் மெஷின் 'நன்றி' என்று எழுதிக் காட்டினால் "பரவாயில்லீங்க" என்று பதில் சொல்லிவிட்டுத்தான் வெளியே வருவார். "வீட்டுக்குத் திருடன் வந்தாக்கூட, 'இவ்வளவு தூரம் சிரமப்பட்டு வந்தீங்களே'ன்னு நன்றி சொல்லித்தான் அனுப்புவீங்க," என்பது அவர் மனைவியின் நிரந்தரக் குற்றச்சாட்டு.

இப்போது திருடன் உண்மையிலேயே வந்துவிட்டுப் போயிருந்தான். அவருடைய கிரெடிட் கார்டில் மூன்று முறை, முறைக்குப் பத்தாயிரமாக, ரொக்கம் எடுக்கப்பட்டிருந்தது. மூன்றும் மாதக் கடைசி நாள், மதியம் மூன்று மணி, தெருக்கோடி ஏடிஎம். பில் வந்தால் உறையைப் பிரிக்காமல் இழுப்பறைக்குள் போடுவது அவர் வழக்கம் என்பதால், மனைவி பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது.

"கார்டு எங்க இருந்துச்சு?" என்றார் குமாஸ்தா.

"கடை இழுப்பறையில. கண்ணாடி தொடைக்கிற துணிக்கு அடியில. இப்பவும் அங்கதான் இருக்குங்க."

"கார்டு தொலையல. நம்பரையும் முதல் தடவையே சரியாப் போட்டிருக்காங்க. அப்படின்னா பொறுப்பு உங்களோடதுதான் சார். வட்டியோட சேர்த்து முப்பத்தி நாலாயிரத்து இருநூறு கட்டணும்."

கண்ணாடிக்கடைக்காரருக்கு இருக்கிற சொத்து, லென்ஸ் தேய்க்கும் மெஷின் ஒன்றுதான். அதை விற்றால் கடனை அடைக்கலாம். ஆனால் மெஷின் இல்லாத கடையில் உட்கார்ந்து ஈ ஓட்ட வேண்டியதுதான்.

"எடுத்தவன் போட்டோ மெஷின்ல பதிவாகியிருக்குமேங்க? அதைப் பாத்தா நான் இல்லைன்னு தெரிஞ்சிடுமே!"

நல்ல யோசனைதான். அவருக்கு வந்த நல்ல யோசனைகளில் எதுதான் உருப்பட்டிருக்கிறது? குமாஸ்தா படத்தைத் தேடி எடுத்தார். அதில் முகமே இல்லை. திருடன் முகத்தை மெஷின் திரையோடு திரையாக ஒட்ட வைத்திருந்தான். மேலே இருந்த கேமராவுக்குக் கிடைத்தது ஒரு வழுக்கை உச்சந்தலையும், கக்கத்தில் இடுக்கிய ஒரு துணிச் சுருளும் மட்டுமே.

"பயங்கர விவரமானவன். மூணு தடவையும் மூஞ்சியைக் காட்டவே இல்ல பாருங்க," என்றார் குமாஸ்தா. பிறகு படத்தைப் பார்த்தார். எதிரே இருந்தவரின் தலையைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

கண்ணாடிக்கடைக்காரர் அனிச்சையாகக் கையால் உச்சந்தலையை மூடிக்கொண்டார். அது இன்னும் மோசமாகப் போயிற்று.

"அந்த மூணு நாளும் மதியம் மூணு மணிக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"வீட்டுலங்க. சாப்பிட்டுட்டுத் தூங்கிட்டிருந்தேன்."

"அதை யாராவது பாத்தாங்களா?"

"வீட்டுக்காரி வேலைக்குப் போயிருப்பா. நானும் தூங்குறப்ப கவனிக்கலைங்க."

"சாட்சி யாராவது இருந்தா நாளைக்குக் கூட்டிட்டு வாங்க."

மறுநாள் அவர் தன் மாமனாரைக் கூட்டிக்கொண்டு போனார். இந்த உலகத்தில் அவர் நன்றி சொல்லிச் சொல்லியும் தீராத ஒரே ஆள் மாமனார்தான். ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். காது குளிரும் என்று எந்தக் காலத்திலும் தலையில் கம்பளிக் குல்லாய் போட்டிருப்பார். மருமகன் மதியம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து வரும்வரை கடையைப் பார்த்துக்கொள்வார். பார்த்துக்கொள்வார் என்பது ஒரு பேச்சுக்குச் சொல்வதுதான். பக்கத்துத் துணிக்கடை பொம்மைக்கு அன்று காலைகூட வணக்கம் வைத்துவிட்டு, "பதிலுக்கு ஒரு தலையாட்டக்கூட மாட்டேங்குது அந்தப் பொண்ணு, என்ன திமிரு!" என்று வருத்தப்பட்டார். கண்ணாடி போடச் சொன்னால் மட்டும் கோபம் பொத்துக்கொண்டு வரும். "ரெண்டு மைலுக்கு அப்பால வர்ற ரயில்ல டிரைவர் மீசை முறுக்குறதைப் பாத்த கண்ணு மாப்பிள்ளை இது!"

ஆனால் மனசு தங்கம். கடை வாடகை பாக்கி விழுந்து, கட்டடக்காரர் பூட்டுப் போட வந்து நின்றபோது, கேட்காமலேயே கை கொடுத்தவர் அவர்தான். ஒன்றாம் தேதி காலையில் ஒரு கவரை நீட்டினார். அடுத்த மாதமும் நீட்டினார். அதற்கடுத்த மாதமும் நீட்டினார். "பென்ஷன்ல மிச்சம் பிடிச்சதா மாமா?" என்று கேட்டதற்கு, "குடுக்குறவனைக் கேள்வி கேக்காதீங்க," என்று முடித்துவிட்டார். அன்றிலிருந்து கண்ணாடிக்கடைக்காரர் அவரைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு நன்றி சொல்லிவிடுவார்.

வங்கியில் மாமனார் நெஞ்சை நிமிர்த்திச் சாட்சி சொன்னார்.

"என் மாப்பிள்ளை சொக்கத் தங்கம். மதியம் ரெண்டுல இருந்து நாலு மணி வரைக்கும் கடையில இருக்கவே மாட்டாரு. எங்க போறாரு, என்ன பண்றாருன்னு நான் கேக்குறதில்ல. மாப்பிள்ளைகிட்டப் போய் அதெல்லாம் கேக்குறது மரியாதையா?"

குமாஸ்தா அதை அப்படியே எழுதி நீட்டினார். மாமனார் கையெழுத்துப் போட்டார். பாதி தாளில் விழுந்தது, மீதி மேசையில் விழுந்தது.

"ரொம்ப நன்றி மாமா," என்றார் கண்ணாடிக்கடைக்காரர், மனப்பூர்வமாக.

"சார், இதுக்கு மேல விசாரணை அதிகாரிதான் முடிவு பண்ணணும். நாளைக்குக் கடைக்கு வருவாங்க," என்றார் குமாஸ்தா.

அன்று இரவு கண்ணாடிக்கடைக்காரர் தூங்கவில்லை. காரணம் அந்தப் பார்வைப் பலகை.

கடைச் சுவரில் கண் பரிசோதனைக்காக மாட்டியிருக்கும் பலகை அது. எல்லாம் எண்கள். முதல் வரியில் ஒரே ஒரு எண், தோசைக்கல் அளவுக்கு. கீழே போகப் போக எண்கள் சின்னதாகும். கடைசி வரியைப் பூச்சி அரித்துவிட்டதால், அச்சகத்தில் ஆகச் சிறிய எழுத்தில் ஒரு வரி அச்சடித்து அவரே ஒட்டியிருந்தார். புதிதாக எதற்கு எண்களை யோசிப்பது என்று, மறந்து மறந்து போகும் தன் கார்டு எண்ணையே கொடுத்துவிட்டார். ஏழு, ஒன்று, ஒன்பது, நான்கு. கழுத்தில் தொங்கும் பூதக்கண்ணாடியைக் கண்ணில் செருகிக்கொண்டு அவர் மட்டும் படிப்பார். பத்து வருஷமாக வேறு யாரும் அந்த வரியைப் படித்ததில்லை.

மறுநாள் விடிந்ததும் முதல் வேலையாக அந்தக் கடைசி வரிமேல் ஒரு பிளாஸ்திரியை ஒட்டினார்.

விசாரணை அதிகாரி பத்து மணிக்கு வந்தார். ஒல்லியான அம்மாள், கையில் தடிமனான கோப்பு. கடையை ஒரு சுற்றுப் பார்த்தார். இழுப்பறையைத் திறந்து மூடினார். விடுமுறை என்பதால் கடைக்கு வந்திருந்த மனைவி டீ கொடுத்தாள். பெஞ்சில் மாமனார் தூங்கிக்கொண்டிருந்தார்.

"போர்டுக்கு என்ன சார் காயம்?" என்றார் அதிகாரி.

கண்ணாடிக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். மனைவிக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"ஏங்க, இன்னுமா சொல்லல? மேடம், அதுதான் அந்த நம்பர். பணம் எடுக்கப் போறதுக்கு முன்னாடி அது முன்னால நின்னு மூணு தடவை வாய்விட்டுச் சொல்லிட்டுத்தான் போவாரு. நான்கூட ஏதோ வேண்டுதல்னு நெனச்சுட்டேன்."

அதிகாரி டீயைக் கீழே வைத்தார்.

"ரகசிய எண்ணை சுவத்துல எழுதி, மேல ஒரு டியூப்லைட்டும் போட்டு வெச்சிருக்கீங்க?"

"ஆனா யாராலயும் படிக்க முடியாதுங்க மேடம்! அது அவ்வளவு சின்ன எழுத்து. சத்தியமா!"

அதிகாரி பிளாஸ்திரியை உரித்தார். வெறுங்கண்ணால் பார்த்தார். மூக்கு இடிக்கும் அளவுக்குக் கிட்டே போயும் பார்த்தார். பிறகு பூதக்கண்ணாடியை வாங்கி வைத்து, மனசுக்குள் படித்து, திருப்பிக் கொடுத்தார். முகத்தில் ஒரு குழப்பம்.

"மத்தவங்க படிக்கிற மாதிரி எழுதி வெச்சிருந்தா பொறுப்பு உங்களோடதுன்னு விதி இருக்கு. படிக்க முடியாத மாதிரி எழுதி வெச்சிருந்தா என்னன்னு விதியில எதுவும் இல்லையே," என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, அக்கம்பக்கத்துல மூணு பேரைக் கூப்பிடுங்க. படிக்க முடியலைன்னா உங்க பக்கம் எழுதிடறேன். ஒருத்தர் படிச்சாலும் பணம் நீங்க கட்டணும்," என்றார்.

பக்கத்துச் செருப்புக்கடைக்காரர் வந்தார். நாலாவது வரியோடு நின்றுவிட்டார். போஸ்ட்மேன் ஆறாவது வரிவரை வந்து, தனக்கும் ஒரு கண்ணாடி என்ன விலை ஆகும் என்று கேட்டுவிட்டுப் போனார். கடைசியாக மாடியிலிருந்து தையல்காரம்மா இறங்கி வந்தபோது கண்ணாடிக்கடைக்காரர் நன்றி சொல்லக்கூட மறந்துவிட்டார். அந்தம்மா மங்கிய வெளிச்சத்திலும் ஊசியில் நூல் கோப்பவர். அவர் கடகடவென்று வரி வரியாக இறங்கினார். கடைசி வரிக்கு வந்ததும் கண்ணைச் சுருக்கினார்.

"இதுல எறும்புதான் வரிசையாப் போகுது," என்றார்.

"ரொம்ப நன்றிம்மா!" என்று கண்ணாடிக்கடைக்காரர் கிட்டத்தட்டக் கத்திவிட்டார்.

அதிகாரி சிரித்துவிட்டார். கோப்பைத் திறந்து எழுத ஆரம்பித்தார். "பணம் பாங்க் பொறுப்பு சார். நீங்க ஒரு பைசா கட்ட வேண்டாம். நான் கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது."

கண்ணாடிக்கடைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தத் தடவை கண்ணாடி நிஜமாகவே அழுக்காயிற்று. அதிகாரிக்கு நன்றி சொன்னார். உண்மையைச் சொன்ன மனைவிக்கு நன்றி சொன்னார். தையல்காரம்மாவுக்கு இரண்டாம் முறை சொன்னார். பிறகு பெஞ்சுப் பக்கம் திரும்பினார். இந்தச் சத்தத்தில் மாமனார் விழித்திருந்தார்.

"மேடம், இன்னிக்கு இந்தக் கடை திறந்திருக்குன்னா அதுக்கு இவர்தான் காரணம். மூணு மாசம், மாசம் பொறந்தா பத்தாயிரம், கேக்காமலே குடுத்தாரு. மாமா, தலை தப்பிச்சாச்சு. இனிமே சம்பாதிச்சு முதல்ல உங்க முப்பதாயிரத்தைத்தான் குடுக்கப் போறேன்."

"வேணாம் மாப்பிள்ளை, வேணாம்," என்று மாமனார் அவசரமாகக் கையை ஆட்டினார். "குடுத்தது குடுத்ததுதான். அந்தப் பேச்சையே எடுக்காதீங்க."

"இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுஷரா!" என்றார் அதிகாரி. எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். பிறகு கடைசி வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். "மேற்படி வரியை... யாராலும்... படிக்க இயலவில்லை."

"அதெப்படி?" என்றார் மாமனார்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"யாராலும்னு எப்படிம்மா எழுதலாம்? இந்த இடத்துல நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன். என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"மாமா, உங்களுக்கெதுக்கு சிரமம்," என்றார் கண்ணாடிக்கடைக்காரர் பதற்றத்தோடு. நாலு பேர் முன்னால் மாமனார் தலைகுனிய நேர்ந்துவிடக் கூடாதே என்ற கவலை அவருக்கு. அதிகாரியின் காதருகே குனிந்து, "அவருக்குப் பலகையே தெரியாது மேடம். ஒப்புக்கு ஒரு தடவை கேட்டுடுங்க. பெரியவர் மனசு கஷ்டப்படக் கூடாது," என்று கிசுகிசுத்தார்.

"வாங்க சார், நீங்களும் படிங்க," என்றார் அதிகாரி கனிவோடு.

மாமனார் எழுந்தார். முக்கியமான காரியத்துக்கு முன் செய்வதுபோல் குல்லாயைக் கழற்றிச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். நேராக நடந்து போய், பலகைக்கு எதிர்ச்சுவரில் இருந்த பிரேம் அலமாரியின் முன் நின்றார். அதன் கதவில் மூக்கு படும்வரை குனிந்தார். டியூப்லைட் வெளிச்சத்தில் அவர் உச்சந்தலை வழவழவென்று மின்னியது.

"முதல் வரியில என்ன சார் இருக்கு?" என்றார் அதிகாரி, அவர் முதுகைப் பார்த்து.

"அதெல்லாம் சின்னப் பசங்க படிக்கிறதும்மா. நான் நேரா கடைசி வரியையே சொல்றேன்," என்றார் மாமனார் அலமாரியிடம். "ஏழு, ஒண்ணு, ஒம்பது, நாலு. எழுதிக்கோங்க."