நாற்பத்தெட்டு ஆள் இறங்கிய கிணறு

அடிக்கிற வாத்தியார் உண்டு, தூங்குகிற வாத்தியார் உண்டு. இரண்டு பேரையும் எப்படியோ சமாளித்துவிடலாம். மூன்றாவதாக ஒரு ரகம் இருக்கிறது. விளக்குகிற வாத்தியார். இவர் பிரம்பைத் தொடமாட்டார், குரலை உயர்த்தமாட்டார், நமக்குப் புரியவில்லை என்று தோன்றிவிட்டால் சோறு தண்ணீரை மறந்து, வீட்டை மறந்து, புரிகிறவரை நம்மை விடவேமாட்டார். ஏற்கெனவே நமக்குப் புரிந்திருந்தால்? அப்போதும் விடமாட்டார்.

எருமப்பட்டித் தங்கசாமி வாத்தியார் இந்த ரகத்தில் முதல் தரம். அவரிடம் மாட்டிக்கொண்டது ஏதோ சின்னப் பிள்ளை என்று நினைத்துவிடாதீர்கள். கிணறு வெட்டுகிற காளியப்பன், வயது நாற்பது. ஒரு பிடி மண்ணை அள்ளிப் பார்த்து, இத்தனை ஆள், இத்தனை நாள் என்று அவர் சொன்னால் ஒருநாள்கூட முன்னே பின்னே போகாது. அந்த வருஷம் ஜில்லா போர்டார் ஊர் ஊராகக் குடிதண்ணீர்க் கிணறு வெட்ட மேஸ்திரி தேடினார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கவேண்டும், கணக்குத் தெரியவேண்டும், ஓவர்சீயர் நேரில் வந்து பரீட்சை வைப்பார் என்றார்கள். காளியப்பன் தினம் சாயங்காலம் வாத்தியாரிடம் வந்து உட்கார்ந்தார். எழுத்து இரண்டு மாசத்தில் வந்துவிட்டது. கணக்கில்தான் வந்தது வினை.

"நாலு ஆள் ஒரு கிணற்றைப் பன்னிரண்டு நாளில் வெட்டினால், நாற்பத்தெட்டு ஆள் எத்தனை நாளில் வெட்டுவார்கள்?" என்று புத்தகத்தைப் பார்த்துக் கேட்டார் வாத்தியார்.

"எந்த ஊருக் கெணறுங்க சாமி?"

"ஏதோ ஒரு ஊர், காளியப்பா."

"மண்ணுங்களா, பாறைங்களா?"

வாத்தியாருக்கு நெஞ்சு உருகிவிட்டது. பாவம், கேள்வியே புரியவில்லையே! ஒவ்வொரு சொல்லாகப் பிட்டுப் பிட்டுச் சொன்னார். "நாற்பத்து... எட்டு... ஆள்."

"அத்தன பேரும் உள்ள எறங்குனா மம்பட்டிய எங்கீங்க ஓங்கறது? பக்கத்தாளு மண்டை மேலயா?"

மறுநாள் வாத்தியார் ஒரு காலி மைக்கூட்டையும் நாற்பத்தெட்டுப் புளியங்கொட்டைகளையும் கொண்டுவந்தார். மைக்கூடுதான் கிணறு, கொட்டைகள் ஆட்கள். நாலு கொட்டை போட்டார், சௌகரியமாக உட்கார்ந்தன. நாற்பத்தெட்டையும் போட்டார். கிணறு நிரம்பி, பத்துப் பன்னிரண்டு பேர் வெளியே விழுந்து பாய்க்கடியில் உருண்டார்கள்.

"பாத்தீங்களா சாமி, கொள்ளலீங்களே!" என்று காளியப்பன் முகம் மலர்ந்தார். வாத்தியாருக்கு ஒருவழியாகப் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார், அப்பாவி மனிதர்.

வாத்தியாரோ கொல்லிமலையிலிருந்து வல்லாரை வரவழைத்து, தம் கையாலேயே அரைத்து உருட்டிக் கொடுத்தார். அடுத்து, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இடுப்பளவு குழி ஒன்று வெட்டச் சொன்னார். (வெட்டியது யார்? காளியப்பன்தான்.) மூன்றாம் வகுப்பை வரிசையாக அதற்குள் இறக்கினார். பத்தாவது பையன் இறங்கியபோது முதல் பையன் அழ ஆரம்பித்தான். பதினைந்தாவது பையன் இறங்கியபோது யாருடைய கோவணமோ யாருடைய கையிலோ இருந்தது. காளியப்பன் ஓடிவந்து ஒவ்வொருத்தனாகத் தூக்கிக் கரையேற்றினார். இதைவிட எளிமையாக என்ன செய்யலாம் என்று வாத்தியார் மோவாயைத் தடவிக்கொண்டு நின்றார். ஒரு தடவையாவது, "நீ ஏன் அப்படிச் சொல்கிறாய்?" என்று கேட்டாரா? எப்படிக் கேட்பார்? விளக்குவதற்கே பொழுது போதவில்லையே!

பரீட்சைக்கு முதல்நாள் காளியப்பனுக்குச் சோறு இறங்கவில்லை.

"ஒரு நாளுன்னு சொல்லிப்போட்டு வாங்களேன். வாயா தேஞ்சு போயிரும்?" என்றாள் அவர் மனைவி சின்னாயி.

"ஒரு நாள்ல கெணறு வெட்டறேன்னு இந்த வாயால சொல்லிப்போட்டா, அப்பறம் எவன் என்னைய நம்பிக் கெணத்துக்குக் கூப்புடுவான்?" என்றார். கண் கலங்கியிருந்தது. அவர் சம்பாதித்த சொத்து அந்தச் சொல் ஒன்றுதானே?

ஓவர்சீயர் வந்தார். பாதியில் நின்ற கிணறு ஒன்றின் பக்கத்தில் நிறுத்தி, "நாற்பது ஆள் தருகிறேன். எத்தனை நாளில் முடிப்பாய்?" என்றார். பின்னாலிருந்து வாத்தியார் விரலை மடக்கிக் காட்டுகிறார், வாயை அசைக்கிறார், கண்ணை உருட்டுகிறார். காளியப்பன் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, இது புஸ்தகத்துக் கெணறுங்களா, நெசக் கெணறுங்களா?"

"நிஜக் கிணறுதான்."

"அப்பிடின்னா நாப்பது ஆளு எதுக்குங்க? எட்டு ஆளு குடுங்க. உள்ள நாலு, மேல நாலு. கீழ பாறை கெடக்குது, வெடி வெக்கோணும். ஒம்பது நாளு ஆவுமுங்க."

ஓவர்சீயர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்து, அங்கேயே மேஸ்திரி உத்தியோகத்துக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

தங்கசாமி வாத்தியார் ஆனந்தக் கண்ணீர் விட்டார். "எத்தனை பாடுபட்டிருப்பேன்! கடைசியில் மண்டையில் ஏறிவிட்டது, பார்த்தீர்களா!" என்று சேந்தமங்கலம்வரை சொல்லிக்கொண்டு போனார். திரும்பி வந்ததும் சும்மா இருக்கவில்லை. களி எப்படிக் கிண்டவேண்டும் என்று இப்போது சின்னாயிக்கு விளக்கிக்கொண்டிருக்கிறார்.

நல்லவேளை, நாம் அப்படியில்லை என்று மூச்சு விடுகிறீர்களா? ஒரு சின்னக் கேள்வி. இதைப் படிக்கிறபோதே யாரோ ஒருவர் முகம் நினைவுக்கு வந்து, 'இதை அவருக்குப் படித்துக் காட்டி, நன்றாகப் புரியும்படி எடுத்துச் சொல்லவேண்டும்' என்று தோன்றியதா?

தோன்றியதல்லவா? நமஸ்காரம், வாத்தியாரே!