மஞ்சள் தடவிய வாசகம்

நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவே ஒரு தாலுகா ஆபீஸ். பெயர் வேண்டாம். சொன்னால் மறுப்பறிக்கை வரும். அதையும் யாரும் படிக்க மாட்டார்கள்.

திங்கட்கிழமை மனு நாள். ஆனால் ஜனங்கள் நேராக ஆபீசுக்குள் போவதில்லை. எதிரே இருந்த தகரக் கொட்டகைக்குத்தான் காலை ஏழு மணிக்கே வரிசை. போர்வெல் ரிக் வண்டி ஓட்டுகிறவர், கோழிப்பண்ணைக்காரர், பட்டா கிடைக்காதவர், பட்டா கிடைத்தும் நிலம் கிடைக்காதவர். உள்ளே வாக்குச்சித்தர் கலைமணி அடிகள். கொல்லிமலைக் குகையில் சட்டதேவதை அவர் நாவில் ஒரே ஒரு வாசகம் எழுதியதாம். அதை மனுவின் கடைசியில் சேர்த்தால் மனு பலிக்கும். மனுதாரர் அதன் கீழே கையெழுத்துப் போட்டதும், அடிகள் மஞ்சள் தடவி, மடித்து, நூல் சுற்றித் தருவார். நிபந்தனை ஒன்றுதான்: பிரித்துப் படிக்கக் கூடாது. படித்தால் பலிக்காது.

படிக்காதே என்று சொல்லவே ஒரு சாமி கிடைத்தால் நம்மவர்களுக்கு வேறென்ன வேண்டும்?

கொட்டகை வாசலில் பதினைந்தடி பிளெக்ஸ். இடப்பக்கம் அடிகள். வலப்பக்கம், கன்னத்தில் விரல் வைத்தபடி இனியன். கீழே, ‘மொழியியல் ஆய்வறிஞர் வியந்த அருள்வாக்கு!’

இனியன் இன்னும் அறிஞர் ஆகவில்லை. ஆறாவது வருடமாக ஆகிக்கொண்டிருந்தான். சட்டத்திலும் ஊடகத்திலும் சமூகத்திலும் மொழி என்ன செய்கிறது என்பது அவன் ஆய்வு. மொழி அவனை என்ன செய்தது என்பது வேறு சங்கதி. ஆய்வுக்கென்று அடிகளிடம் நகல் வாங்கி, வாசகத்தை அவன் அக்குவேறு ஆணிவேறாக ஆராய்ந்திருந்தான். சொற்கள் இருபத்துநாலு. மூச்சு விட இடம் ஒன்றுகூடக் கிடையாது. வாசகம் சேர்த்த நூறு மனுக்களில் முப்பத்தொன்று வெற்றி என்று கலரில் வட்டப்படம் வேறு. வாசகம் சேராத மனுக்களில் எத்தனை வெற்றி? அதை அவன் எண்ணவில்லை. எண்ணினால் வட்டப்படத்தின் அழகு கெட்டுவிடுமே!

உள்ளூர் யூடியூப் சேனல்காரன் மைக்கை நீட்டியபோது, “இதில் ஓர் அசாதாரணமான மொழியாற்றல் இருக்கிறது” என்றான் இனியன். ஆய்வேட்டில் அப்படி எழுதினால் ஆதாரம் கேட்பார்கள். யூடியூபில் லைக் போடுவார்கள். மறுநாளே பிளெக்ஸ் வந்துவிட்டது. சொந்த அக்கா மகளின் காதுகுத்து பிளெக்ஸில்கூட விட்டுப்போன முகம் அது. பையன் சொக்கிப் போனான்.

இன்றைக்கு அவன் கொட்டகை வாசலில் மேசை போட்டு, வெளியே வருகிறவர்களிடம் கருத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். பன்னிரண்டு மணிக்கு நூல் சுற்றிய மனுவோடு அத்தாயி வந்தாள். ஜேடர்பாளையம் பக்கம் ஒன்றரை ஏக்கரில் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, போட்டிருப்பவள். வயலுக்குப் போகும் தடத்தை மறித்துக் கொழுந்தன் கம்பிவேலி போட்டுவிட்டான். வெள்ளிக்கிழமை கிழங்கு ஏற்ற லாரி வரும். வேலி இருந்தால் லாரி திரும்பிவிடும். அடுத்த லாரி வருவதற்குள் கிழங்கில் மாவு குறைந்துவிடும். ஒரு வருடப் பாடு மண்ணோடு மண். மனு வாங்கும் ஜன்னலோ ஒரு மணிக்குச் சாத்திவிடும்.

“அக்கா, ஒரு நிமிசங்க. வாசகத்தச் சேத்தப்ப எப்படி இருந்துச்சு? ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் ஒரு மார்க் சொல்லுங்க.”

“மார்க் கெடக்கட்டும் தம்பி. போர்டுல கன்னத்துல வெரல வெச்சுட்டு நிக்கறது நீங்கதானுங்க?”

“ஆமாங்க.” கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“பல்லு வலியாட்ட இருக்குதுன்னு நெனச்சேன். படிச்ச தம்பி சொல்லுதேன்னுதான் வந்தேன். இதுல என்னங்க எழுதியிருக்குது?”

“பிரிக்கக் கூடாதுங்களே.”

“நானு படிச்சாத்தானுங்க பலிக்காது? எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். நீங்க படிங்க.” நூலை அறுத்து நீட்டிவிட்டாள்.

இனியன் தொண்டையைச் செருமிக்கொண்டு, மேடையில் நிற்பவன் போல ஏற்ற இறக்கத்தோடு வாசித்தான். “ஷை தபசிலில் கண்ட விஷயத்தில் எனக்குண்டான சகல ஹக்கு பாத்தியங்களையும் எதிரிடையார் வசம் பராதீனம் செய்து, இனி எக்காலத்தும் யானோ என் வாரிசுகளோ யாதொரு தாவாவும் செய்யாதபடிக்கு மனப்பூர்வமாய்ச் சம்மதித்துக் கையொப்பம் செய்கிறேன்!”

“நல்லாருக்குதுங்க. உடுக்கை அடிச்சாப்ல இருக்குது. இதையே என்ற கொழுந்தங்கிட்டச் சொல்றதா இருந்தா எப்படிங்க சொல்லோணும்?”

ஆறு வருடத்தில் அவனிடம் யாரும் கேட்காத கேள்வி. அவனும் தன்னைக் கேட்டதில்லை.

“அது வந்துங்க... ‘ஷை’ன்னா மேற்படி. ‘தபசில்’னா விவரம், அதாவது உங்க தடம். ‘சகல ஹக்கு பாத்தியம்’னா உங்க உரிமை பூரா. ‘எதிரிடையார்’னா உங்க கொழுந்தன். ‘பராதீனம்’னா...”

நின்றுவிட்டான்.

“ஏனுங்க, விக்கிக்கிச்சா?”

“அவருக்கே குடுத்துட்டேன்னு அர்த்தங்க.”

“எதைய?”

“தடத்தைங்க. இனிமே கேக்கவும் மாட்டேன்னு நீங்க கையெழுத்தும் போட்டிருக்கீங்க.”

வட்டப்படத்தின் ரகசியம் அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. படிக்காத அதிகாரியிடம் போன மனுக்கள் ஜெயித்தன. படித்தவரிடம் போனவை தோற்றன. சொற்களை எண்ணியவன் அவை சொன்னதைப் படிக்கவில்லை. அடுத்த மாதம் வாய்மொழித் தேர்வு. பேசாமல் மேசையை மடித்துக்கொண்டு போய்விடலாமா என்று நினைத்தான். நினைத்து முடிப்பதற்குள் அத்தாயி அவன் முழங்கையைப் பிடித்துக் கொட்டகைக்குள் இழுத்துப் போயிருந்தாள்.

“அர்த்தமா?” அடிகள் கண்ணை உருட்டினார். “தெய்வ வாக்குக்கு அர்த்தம் தேடினால் நாக்கு அழுகும்!”

“சொல்லுங்க தம்பி,” என்று அத்தாயி இனியனைத் தள்ளிவிட்டாள்.

இனியன் கூட்டத்தைப் பார்த்தான். வாய் தானாகப் பழைய பழக்கத்துக்குப் போனது. “அதாவது, இந்த வாசகத்தின் சொற்பொருள் தளத்துக்கும் மனுதாரரின் கருத்துநோக்கத்துக்கும் இடையே ஓர் அடிப்படை முரண்...”

கூட்டம் கைதட்டியது. வாழ்த்துகிறான் என்று நினைத்துவிட்டார்கள்.

அத்தாயி தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு அடிகளைப் பார்த்துக் கும்பிட்டாள். “சாமீ, வெளிய நிக்கற வெள்ளக் காரு உங்குளுதுதானுங்க?”

“ஆமாம். பக்தர்கள் கொடுத்தது.”

“அப்ப அதுக்கும் இந்த வாசகத்த எழுதிருவமுங்க. எதிரிடையார்னு என்ற பேரப் போட்டுக்கலாம். நீங்க கீழ ஒரு கையெழுத்துப் போட்டா காருக்கும் பலிக்குமில்ல?”

“நல்ல ரோசனைங்க! போடுங்க சாமி!” வரிசையில் நின்ற லாரி டிரைவர் மாரிக்கு உண்மையாகவே பக்தி. இனியன் கார் நம்பரைப் பார்த்து வந்து, வாசகத்தை அட்சரம் பிசகாமல் எழுதி, பேனாவோடு நீட்டினான்.

அடிகளின் கை எழவில்லை. “இன்றைக்கு அஷ்டமி.”

மாரி செல்போனில் பார்த்தான். “இல்லீங்க, தசமிங்க.”

“கை சுளுக்கு.”

“கைநாட்டு வெய்யுங்க சாமி. மை இருக்குது.”

பத்துக் கைகள் பக்தியோடு அவர் கட்டைவிரலைப் பிடித்தன. அடிகள் அலறினார். “உடுங்கடா! காரு போயிருமடா!”

கட்டைவிரலைப் பிடித்திருந்த கைகள் ஒவ்வொன்றாக விலகின.

மாரிதான் முதலில் வாயைத் திறந்தான். “அதென்னுங்க, எங்க நெலம்னா பலிக்கும், உங்க காருன்னா போயிருமா?”

அதற்குப் பிறகு கொல்லிமலையும் இல்லை, குகையும் இல்லை. பத்திர எழுத்தர் ஒருவரிடம் பதினோரு வருடம் நகல் எடுத்ததையும், உரிமையை விட்டுக்கொடுக்கும் பத்திரத்தில் இருந்து அந்த வரியை உருவியதையும் கலைமணி தானாகவே சொன்னார். “கேக்கறதுக்குக் கம்பீரமா இருந்துச்சுங்க. யாரு படிக்கப் போறாங்கன்னு...” என்று இழுத்தார். கம்பீரம் என்ற முடிவுக்கு வர இனியனுக்கு ஆறு வருடமும் உதவித்தொகையும் தேவைப்பட்டிருந்தன.

மணி பன்னிரண்டே முக்கால். அத்தாயி சொல்லச் சொல்ல இனியன் புது மனு எழுதினான். ‘என் வயலுக்குப் போகும் தடத்தில் என் கொழுந்தன் வேலி போட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை கிழங்கு லாரி வர வேண்டும். அதற்குள் அளந்து பார்த்து வேலியை எடுத்துத் தர வேண்டும்.’ நடுவில் ஒரு ‘மேற்படி’ போட அவன் விரல் அரித்தது. அத்தாயி முறைத்தாள்.

ஜன்னலில் இருந்த கிளார்க் நூலைத் தேடினார், மஞ்சளைத் தேடினார். இரண்டும் இல்லாததால் வேறு வழியின்றி மனுவைப் படித்தார். “இவ்வளவுதானா?” என்று ஆச்சரியப்பட்டுச் சர்வேயருக்குக் குறிப்பெழுதினார். வியாழக்கிழமை வேலி போனது. வெள்ளிக்கிழமை லாரி வந்தது.

அதெல்லாம் பின்னால். அன்றைக்கே, ஜன்னல் சாத்தியதும் இனியன் திரும்பிப் பார்த்தான். கொட்டகை வரிசை மொத்தமும் அவன் பின்னால் நின்றது. மாரி கையில் எலுமிச்சம்பழம். “சாமி, இனி நீங்களே எழுதிக் குடுத்துருங்க. நாங்க கண்ண மூடிட்டுக் கையெழுத்துப் போடறம்.”

இனியனுக்கு ஒரு நொடி உள்ளூரக் குளிர்ந்தது. கை பழத்தை நோக்கி நீண்டும் விட்டது.

அத்தாயி அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

“இவரு இத்தன வருசம் படிச்சும் படிக்காம உட்டவரு. இவரு எழுதுனாலும் நாலு பேர்த்தப் படிக்கச் சொல்லிக் கேட்டுட்டுக் கையெழுத்துப் போடுங்க. எவனாச்சும் படிக்காதேன்னு சொன்னா, அதைய மொதல்ல படிங்க.”