செய்யாத வேலைக்கு ஒரு பொன்னாடை

டென்மார்க்கில் தமிழன் கால்வைத்த நாள் தொடக்கம் இன்றுவரை பொன்னாடையண்ணையைப் போல நன்றி சொன்ன மனிதர் பிறக்கவில்லை. இனிப் பிறந்தாலும் துணி போதாது. அவருடைய சொந்தப் பெயரைக் கேட்டால் அவர் மனைவியே கொஞ்சம் யோசிப்பார்.

நாமெல்லாம் வேலை முடிந்தபிறகு நன்றி சொல்வோம். அவர் முதலே சொல்லிவிடுவார். ஸ்கீவயில் கலியாணமா, ஹ்விடோவ்ரேயில் பிறந்தநாளா, சமையல்காரர் அடுப்பை மூட்டுமுன் தோளில் பொன்னாடை விழும்.

"பிந்திச் சொல்லுற நன்றி பழஞ்சோறு, தம்பி. முதலே போர்த்திவிட்டா மனிசன் கழட்ட வெக்கப்படுவான். வெக்கப்பட்டவன் வேலையைச் செய்துதானே ஆகவேணும்!"

பல்லுப் பிடுங்கப் போனவர், வாயைத் திறக்குமுன் பல்வைத்தியருக்குப் போர்த்தினார். அந்த டேனிஷ்காரர் ஜரிகை மினுங்க மினுங்கப் பிடுங்கினாராம். மகளின் சாரதிப் பரீட்சையன்று பரீட்சகரையும் விடவில்லை. மகள் டேனிஷில் அலறிய அலறலில், பரீட்சகர் சீட் பெல்ட்டை இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தார்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் என் வீட்டுக்கு வந்து, தேத்தண்ணியைத் தொடாமல் இருந்தார். மீன் தொழிற்சாலையில் பெட்டி தூக்கி முதுகு போனவர். டொக்டர் வலிக்குக் குளிசை எழுதினார். காலப்போக்கில் வலி போய்விட்டது, குளிசை போகவில்லை.

"விட்டுப் பாத்தன் தம்பி. கை நடுங்குது. நல்ல வெயிலுக்கையும் குளிருது. ஆருக்கும் சொல்லேல்லை."

எப்படிச் சொல்வார்? உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூடலாமா? குளிசைக்கு அடிமையாவது எங்கள் ஆட்களுக்கு 'வெள்ளையளின்ர வருத்தம்', வெள்ளைக்காரருக்கு மட்டும் வருகிற நோய்.

அந்த நேரம் பார்த்து, வலிக்குளிசைக் கம்பெனி ஒன்றோடு நடந்த வழக்கு சமரசமாகி, எங்கள் ஊர்க் கொம்யூனுக்கு, அதாவது நகரசபைக்கு, ஒரு பங்கு காசு வந்திருந்தது. அதை எப்படிச் செலவழிப்பது என்று ஊராரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். குளிசையை மெல்ல மெல்லக் குறைத்துவிட ஒரு நேர்ஸ், அவர் இருக்க ஒரு அறை. அண்ணைக்கு அதுதான் வேண்டும்.

"கூட்டத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போ. கதைக்கிறது நான்."

கோப்பியும் கேக்கும் இல்லாமல் டென்மார்க்கில் ஒரு முடிவும் பிறக்காது. கேக் முடிந்ததும் யோசனைகளைச் சுவரில் ஒட்டினார்கள். பிடித்த யோசனைக்கு ஆளுக்கொரு பச்சைப் பொட்டு ஒட்ட வேண்டும். சூரியன் மறைகிற படம்போட்ட விழிப்புணர்வுப் போஸ்டருக்கு அம்மை போட்டதுபோலப் பொட்டுகள். நேர்ஸ் அறைக்கு அண்ணையுடையதும் என்னுடையதும் மட்டும். முதியோர் இல்லத்தில் வேலைசெய்யும் எங்கள் ஆட்கள் பின்வரிசையில் இருந்து, "பொன்னாடை ஏன் இஞ்ச வந்தது?" என்று குசுகுசுத்தார்கள்.

அண்ணை எழுந்தார். நேரே போய், கூட்டத்தை நடத்திய கொம்யூன் தலைவி அம்மாவுக்குப் போர்த்தினார். அம்மாவின் முகம் பொன்னாடையைவிடச் சிவந்துவிட்டது.

"எங்களுக்குப் பரிசு வாங்க அனுமதியில்லை," என்றார்.

"இது பரிசில்லை, நன்றி," என்றார் அண்ணை, மீன் தொழிற்சாலையில் படித்த டேனிஷில். "எனக்கு நீங்கள் தரப்போகிற அறைக்கு. குளிசை தின்கிறவன் நான்தான். விட்டால் எனக்குக் குளிரும். குளிருக்குப் போஸ்டரைப் போர்த்துக்கொள்ள ஏலாது."

பின்வரிசையில் அத்தனை தமிழ்க் காதுகளும் இருப்பது தெரிந்தேதான் அவர் சொன்னார். அந்த வசனங்களில் ஒன்றைச் சொல்லவும் எனக்கு நெஞ்சு வராது.

ஒரு கிழட்டு டேனிஷ் மீனவர் எழுந்து, சூரியனிலிருந்து தன் பொட்டை நகத்தால் கிளப்பி அறைக்கு ஒட்டினார். பிறகு ஒரு பெண். பிறகு பின்வரிசையில் இருந்து எங்கள் ஆட்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல். தலைவி அம்மா கூட்டம் முடியும்வரை பொன்னாடையோடே இருந்தார். கழட்ட வெட்கம்!

கொம்யூன் அறையைத் திறந்தது. பொன்னாடை யாருக்குச் சொந்தம் என்றும் அவர்கள் கூடிக் கதைத்து, அது கொம்யூனின் உடைமை என்று தீர்த்து, அந்த அறைக் கதிரை ஒன்றில் போட்டுவிட்டார்கள்.

முதல் ஆளாக அண்ணையை நான்தான் கூட்டிப்போனேன். குளிசை குறைந்த கிழமைகளில் ஒருநாள், பல்லுக் கிடுகிடுக்க நடுங்கினார். கதையொன்றும் அறியாத இளம் நேர்ஸ் கதிரையில் கிடந்ததை எடுத்து, அவர் தோளைச் சுற்றிப் போர்த்திவிட்டார்.

வாழ்நாள் முழுக்க ஊருக்கே போர்த்திய மனிதர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார்.

"எனக்கோ? நான் இன்னும் ஒண்டும் செய்து முடிக்கேல்லையே, தம்பி."

"ஓம் அண்ணை," என்றேன், "முதலே போர்த்துறதுதானே முறை."

குளிசை இப்போது பாதிக்கு வந்துவிட்டது. பொன்னாடையை அவர் இன்னும் கழட்டவில்லை.